சுத்தமான தண்ணீருக்கு பி.எச். பார்க்காதீர்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மாணவன். வேதியியலோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு முடிந்தது. பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இவன் எதற்குத் தண்ணீரின் பி.எச். பற்றி எழுத வந்தான் என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தகுதி உண்டு. போன மே மாதம், இந்த பி.எச். பைத்தியத்தால் ஒரு மீனையும் ஒரு இறாலையும் என் கையாலேயே கொன்றேன்.

சித்தப்பா வீட்டில் தங்கித்தான் காலேஜ் போகிறேன். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஹாலில் 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு க்ளவுன் மீன், அதாவது ஊருக்கே தெரிந்த 'நீமோ' மீன். ஒரு க்ளீனர் இறால், கொஞ்சம் நத்தை, ஒரு கொத்து ஜோவாந்தஸ், நாலைந்து காளான் பவளம். கல் பவளம் எதுவும் கிடையாது. 2001லிருந்து அவையெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, சித்தப்பாவுக்குக் கோர்ட் வாசலில் நிற்க ஆசை இல்லை. மீன்களுக்கு லட்டு, பூந்தி என்று பாப்பா பெயர் வைத்திருந்தாள். பாப்பா என்றால் சித்தப்பா மகள், மூன்றாம் வகுப்பு. தண்ணீர் டிபார்ட்மெண்ட் என் பொறுப்பு. வாடகை கொடுக்காமல் தங்குபவனுக்கு ஏதாவது ஒரு டிபார்ட்மெண்ட் வேண்டுமில்லையா.

கடல்நீர்த் தொட்டி வைக்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் ஆவியாகும். எங்கள் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் போலப் போகும். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே உள்ளே இருக்கும். அதனால் அந்த 2 லிட்டரை உப்பில்லாத சுத்தத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். இதுதான் டாப்-அப். இதற்குக் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ ஆகாது. ஆர்.ஓ. சவ்வு வழியாகப் போய், அதற்குப் பிறகு டி.ஐ. ரெசின் வழியாகவும் போய், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். வாரக்கணக்கில் ஊற்றிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு முறையும் கூட வருகிற செம்பு, பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். பாஸ்பேட் பாசிக்கு விருந்து. ஆக சுத்திகரிப்பதே "எதுவும் இருக்கக்கூடாது" என்பதற்காக. இந்த ஒரு வரியை நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் பூந்தி இன்று உயிரோடு இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு நாள், கையில் பி.எச். சொட்டு மருந்து கிட் இருக்கிறதே என்று கேனில் இருந்த சுத்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். மஞ்சள் நிறம். அட்டையில் அதற்கு நேரே 6 என்று போட்டிருந்தது, அதுதான் அந்த அட்டையின் கடைசிப் படி. கடல் நீருக்கு 8.1, 8.2 இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். பகீர் என்றது. இத்தனை நாளாக மீன்களின் தலையில் அமிலத்தையா ஊற்றிக்கொண்டிருந்தேன்?

மீன் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பி.எச். அப்" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "தண்ணில இதைக் கலந்து எட்டுக்குக் கொண்டுவந்துட்டு ஊத்துங்க தம்பி." பாட்டிலில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. வாங்கி வந்தேன். தீரப்போகும் நேரத்தில் இணையத்தில் தேடியதில், ஆப்ப சோடாவே இந்த வேலையைச் செய்யும் என்று தெரிந்தது. காமர்ஸ் மூளை உடனே வேலை செய்தது. சில நூறு ரூபாய் பாட்டிலுக்குப் பதில் சில ரூபாய் சோடா! பெரிய காஸ்ட் கட்டிங் செய்துவிட்ட பெருமையில், அன்றிலிருந்து 20 லிட்டர் கேனுக்கு ஒரு டீஸ்பூன் சோடா. கிட்டில் அழகான நிறம், எட்டுக்கு மேல். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதை அலமாரியில் வைத்தேன்.

இதில் என்ன தப்பு என்று எனக்குப் புரிய இரண்டு மாதமும் இரண்டு உயிரும் தேவைப்பட்டன. உங்களுக்காவது சுருக்கமாகச் சொல்கிறேன்.

பி.எச். என்பது தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் எண். 1909ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சென் என்பவர் கொண்டுவந்தது. (ஆமாம், அதே பீர்தான்.) மிகச் சிறிய எண்களை எழுதி மாளாது என்று அதை மடக்கையில் எழுதினார். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு. இந்த எண் ஒன்றைச் சொல்லும், இன்னொன்றைச் சொல்லாது. இப்போது நிலைமை என்ன என்று சொல்லும். அந்த நிலைமையை அசைக்க எவ்வளவு வேண்டும் என்று சொல்லாது.

இதை எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஒரு கடையின் கல்லாப்பெட்டியில் இன்று சாயங்காலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கடை பணக்காரக் கடையா என்று சொல்ல முடியுமா? பின்னால் ரிசர்வ் எவ்வளவு என்று பார்க்க வேண்டாமா? தண்ணீரில் அந்த ரிசர்வுக்குப் பெயர் ஆல்கலினிட்டி. தொட்டிக்காரர்கள் கே.எச். என்பார்கள். பெரும்பாலும் பைகார்பனேட்டும் கார்பனேட்டும். அமிலம் வந்தால் அதை வாங்கி விழுங்கிக்கொள்ளும். இயற்கைக் கடல் நீரில் இது சுமார் 7 டி.கே.எச். தொட்டிகளில் 7லிருந்து 11 வரை வைத்திருப்பார்கள்.

சுத்திகரித்த தண்ணீரில் இந்த ரிசர்வ் பூஜ்யம். அதுதானே சுத்திகரிப்பு. அப்படிப்பட்ட தண்ணீரைத் திறந்த கேனில் வைத்தால் காற்றில் உள்ள கரியமில வாயு அதில் கரையும். கொஞ்சம் கரைந்தாலே போதும், தடுக்க ஆளில்லாததால் பி.எச். சடாரென்று இறங்கும். காற்றோடு சமநிலைக்கு வந்த தூய நீரின் பி.எச். சுமார் 5.6. கெட்டுப்போனதாலோ, மெஷின் பழுதானதாலோ இப்படி ஆகவில்லை. தூய நீர் காற்றுப் பட்டால் அப்படித்தான் இருக்கும். மழைத் தண்ணீரும் ஏறக்குறைய அதே 5.6தான். கடலில் மழை பெய்யாமலா இருக்கிறது? அமில மழை பெய்ததென்று எந்த மீனும் புகார் செய்ததில்லையே.

இன்னொரு கூத்து, அந்த எண்ணையே நம்ப முடியாது. பி.எச். மீட்டரின் எலெக்ட்ரோடு ஒழுங்காக வேலை செய்யத் தண்ணீரில் அயனிகள் வேண்டும். தூய நீரில் வைத்தால் முள் அலைபாயும். சொட்டு மருந்து கிட்டோ அதைவிட மோசம். சொட்டாக விடுகிற சாயமே கொஞ்சம் அமிலமாகவோ காரமாகவோ இருக்கும். ரிசர்வ் இல்லாத தண்ணீரில் அந்தச் சாயமே பி.எச்.ஐ நகர்த்திவிடும். ஆக நான் அன்று அளந்தது தண்ணீரையா சாயத்தையா என்று இன்றுவரை சொல்ல முடியாது.

சரி, அந்த 5.6 தண்ணீரில் நிஜமாகவே எவ்வளவு அமிலம் இருந்தது? உட்கார்ந்து கணக்குப் போட்டேன், கால்குலேட்டரோடு. 20 லிட்டரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளுக்கு ஈடு கட்ட 5 மில்லிகிராம் சோடாகூட வேண்டாம். நான் போட்டது 5 கிராம். ஆயிரம் மடங்கு! ஒரு ரூபாய் சில்லறைக் கடனுக்கு ஆயிரம் ரூபாய் கட்டியிருக்கிறேன், அதுவும் யாரும் கேட்காமலேயே. அதே 20 லிட்டரில் கடல் உப்புப் பொடியைக் கலந்தால் (ஏறக்குறைய முக்கால் கிலோ பிடிக்கும்) அதிலிருக்கும் பைகார்பனேட் இந்தச் சில்லறை அமிலத்தை விழுங்கிவிட்டு, தானாக எட்டுக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். டாப்-அப்பாக ஊற்றினாலும் அதே கதைதான். 100 லிட்டர் கடல் நீரில் 2 லிட்டர் மழைத் தண்ணீர் விழுந்த மாதிரி.

அப்படியானால் நான் போட்ட சோடா எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை, அதுதான் பிரச்சினை. தண்ணீர் ஆவியாகும், சோடா ஆகாது. பத்து நாளைக்கு ஒரு கேன், கேனுக்கு 5 கிராம். இரண்டு மாதத்தில் 6 கேன், 30 கிராம். 100 லிட்டரில் அது ஏறக்குறைய 10 டி.கே.எச். ஏற்றம். கல் பவளம் நிறைய இருக்கும் தொட்டியாக இருந்தால் எலும்பு கட்ட அவை கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும். எங்கள் தொட்டியில் செலவுப் பக்கம் ஒன்றுமே கிடையாது. வரவு, வரவு, வரவு மட்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. மார்ச்சில் 8.1 காட்டிய தொட்டி, ஏப்ரலில் 8 காட்டியது. மே மாதம் காலை வேளையில் 7.8. நான் சோடா போடப் போட பி.எச். இறங்கிக்கொண்டே போனது! இன்றைக்கு யோசித்தால் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது. சென்னை வெயிலில் தொட்டி 32 டிகிரிக்குப் போகும். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க வசதியில்லை. அதனால் ஹாலில் ஏ.சி. வீட்டிலேயே ஒரே ஏ.சி. அதுதான் என்பதால் வெயில் காலத்தில் சித்தப்பா, சித்தி, பாப்பா, நான் நான்கு பேரும் ஹாலில்தான் பாய் விரிப்போம். கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, கதவின் அடியில் பழைய துணியும் அடைத்துவிடுவார் சித்தி. இரவு முழுக்க நான்கு பேரின் மூச்சுக்காற்று அந்த ஹாலில்தான் சுற்றும். அறைக்காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் தொட்டியின் பி.எச். சுமாராக 0.3 இறங்கும். மூடிய அறையில் நான்கு பேர் தூங்கினால் இரண்டு மடங்கோடு நிற்காது. பி.எச். இறங்கியதற்கு நாங்கள் விட்ட மூச்சுதான் காரணம். நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்ததோ தண்ணீர்க் கேனுக்கு.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, 7.8ஐப் பார்த்துப் பொறுமை போய், அலமாரியில் மிச்சமிருந்த அந்த "பி.எச். அப்" பாட்டிலை எடுத்து இரண்டு மூடி நேராகத் தொட்டியிலேயே ஊற்றினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. ஏற்கெனவே ரிசர்வ் வழிந்துகொண்டிருந்த தண்ணீரில் இன்னும் காரத்தைக் கொட்டினால், கால்சியமும் கார்பனேட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுண்ணாம்புத் தூளாகப் பிரியும். அது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் இறால் மல்லாந்து கிடந்தது. மத்தியானம் பூந்தி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. சாயங்காலம் பாப்பா டான்ஸ் கிளாஸ் முடிந்து வருவதற்குள் எடுத்து மூடிவிட்டேன். மொட்டை மாடித் தொட்டிச்செடியில். சித்தப்பா திட்டவில்லை. "சரி விடுடா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மறுநாள்தான் கே.எச். கிட் வாங்கினேன். (இரண்டு மாதமாக என்னிடம் பாட்டில் விற்ற கடையில் யாரும் ஒரு முறைகூட "கே.எச். எவ்வளவு?" என்று கேட்டதில்லை.) 15 காட்டியது. கணக்குப்படி 8 கூட்டல் 10, 18 வர வேண்டும். மீதி 3 எங்கே என்று தேடினேன். கொஞ்சம் தண்ணீர் மாற்றியதில் போயிருக்கும். கொஞ்சம் பம்ப்பைக் கழற்றியதும் கண்ணெதிரே இருந்தது, கெய்சருக்குள் படிகிற மாதிரி வெள்ளைப் படிவமாக. டேலி ஆயிற்று.

அன்றைக்கே இன்னொரு சோதனையும் செய்தேன். ரீஃப் தொட்டி வேதியியல் பற்றிப் பல வருடங்களாக எழுதிவரும் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற அமெரிக்க வேதியியலாளரின் கட்டுரைகளில் இருப்பது. தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, பால்கனியில் வைத்து, காற்றுக் கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழ் விட வேண்டும், அவ்வளவுதான். ஹாலில் 7.9 இருந்த தண்ணீர் பால்கனியில் 8.4க்கு ஏறியது. ஒரு துளி மருந்து சேர்க்கவில்லை. வெளிக்காற்று மட்டும்.

இப்போது என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன்.

சுத்தத் தண்ணீரின் பி.எச்.ஐ ஏற்றுவது வீண் வேலை என்று சொன்னால் போதாது. எங்கள் பாடத்தில் விண்டோ டிரெஸ்ஸிங் என்று ஒன்று வரும். உள்ளே ஒன்றும் மாறாமல் பேலன்ஸ் ஷீட்டில் எண்ணை மட்டும் அழகுபடுத்துவது. இது அதுதான். கேனில் எண் அழகாகும், தொட்டியில் கடன் ஏறும். அதைவிடப் பெரிய தப்பு, அந்த அழகான எண் நம்மைக் கேள்வி கேட்க விடாமல் செய்கிறது. நான் கேனைப் பார்த்துத் திருப்தியாக இருந்த இரண்டு மாதமும் தொட்டியின் கே.எச்.ஐப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் நான் போய்க் கேட்டது என்ன? "அண்ணே, பி.எச். கம்மியா இருக்கு, ஏத்துறதுக்கு என்ன இருக்கு?" என்று. கேள்வியே சரக்கைத்தான் கேட்டது, அவர் சரக்கைக் கொடுத்தார். ஓர் எண்ணை அளக்கும் கருவி மலிவாகக் கிடைத்துவிட்டால் அந்த எண்ணைச் சரிசெய்யும் பாட்டிலும் பக்கத்து அலமாரியில் வந்துவிடும். மனிதர்கள் குடிக்கிற தண்ணீரிலும் இதே வியாபாரம்தான் நடக்கிறது. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் "ஆல்கலைன் கேட்ரிட்ஜ்" என்று தனியாகக் காசு வாங்குகிறார்கள், என்னமோ நம் வயிற்றில் ஏற்கெனவே அமிலமே இல்லாத மாதிரி. ஒரு சைடு விஷயம்: ரீஃப் தொட்டிக்கு வீட்டு மெஷின் தண்ணீரையே எடுப்பவர்கள் இந்த கேட்ரிட்ஜையும், "டி.டி.எஸ். கன்ட்ரோலர்" என்ற பெயரில் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகையும் தவிர்த்துவிட்டு, நேராகச் சவ்விலிருந்து வரும் தண்ணீரை எடுத்து ரெசினில் விடுங்கள். சுத்தப்படுத்திய பிறகு அழுக்காக்கிய தண்ணீர் யாருக்கு வேண்டும்?

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. பல வருடம் தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர் டாப்-அப் தண்ணீரில் வேண்டுமென்றே சுண்ணாம்பு கலக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் கால்க்வாசர் என்று பெயர், அர்த்தமே சுண்ணாம்புத் தண்ணீர்தான். நம் வெற்றிலைச் சுண்ணாம்புதான் அது, கலப்படமில்லாத தரத்தில். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12க்கு மேல்! இது மட்டும் சரியா என்றால், சரிதான். அவர்கள் கேனின் பி.எச்.ஐத் திருத்தவில்லை. கல் பவளங்கள் தினமும் எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் கே.எச்.ஐயும் திருப்பிக் கொடுக்கிறார்கள், அதுவும் சொட்டுச் சொட்டாக, வாராவாரம் அளந்துகொண்டு. செலவு இருக்கிறது, அதனால் வரவு வைக்கிறார்கள். எங்கள் தொட்டியில் செலவே இல்லை. வாங்கும் ஆள் இல்லாத கடையில் சரக்கை அடுக்கினால் என்ன ஆகும்?

7.8 இருந்தால் ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு: ரீஃப் தொட்டிகள் 7.8லிருந்து 8.5 வரை ஓடுகின்றன. கே.எச். சரியாக இருந்தால் காலையில் 7.8 காட்டுவதற்காக யாரும் பாட்டிலைத் தேடி ஓட வேண்டாம். நான் ஓடிய நாளில்கூட லட்டும் பூந்தியும் பசியோடுதான் சுற்றிக்கொண்டிருந்தன. நோய் என் கிட்டில் மட்டும்தான் இருந்தது.

அதற்காக பி.எச். என்பதே பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஜக் கடலில் அது பெரிய விஷயம். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 போல இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி இன்று 8.1க்கு வந்திருக்கிறது. 0.1தானே என்று தோன்றும், மடக்கைக் கணக்கில் அது சுமார் 26 சதவீதம் கூடுதல் ஹைட்ரஜன் அயனி. காரணமும் எங்கள் ஹாலில் நடந்ததேதான், மேலே இருக்கும் காற்றில் கரியமில வாயு கூடிவிட்டது. வித்தியாசம், எங்கள் ஹாலுக்கு ஜன்னல் இருக்கிறது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், டாப்-அப் தண்ணீரில் டி.டி.எஸ். மட்டும் பார்க்கிறேன். பூஜ்யம் இல்லையென்றால் ரெசின் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பி.எச். பார்ப்பதில்லை. தொட்டியில் வாரம் ஒரு முறை கே.எச். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி 15லிருந்து 8.5க்குக் கொண்டுவர ஆறு வாரம் ஆனது. அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் அது இன்னொரு கொலை. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஏ.சி. பைப் போகிற ஓட்டை வழியாக வெளியே விட்டிருக்கிறேன். ஜன்னலும் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்கிறது. அதனால் கொசு வருகிறது என்று சித்தியும், கரண்ட் பில் ஏறுகிறது என்று சித்தப்பாவும் முனகுகிறார்கள். காலையில் 8.

காளான் பவளங்கள் திரும்ப விரிந்துவிட்டன. ஜோவாந்தஸ் பாதிதான் மிஞ்சியது. லட்டு தனியாகச் சுற்றுகிறது. இன்னொரு பூந்தி வாங்கலாம் என்று பாப்பா தினமும் கேட்கிறாள். அண்ணன் செமஸ்டர் முடியட்டும் என்கிறார் சித்தப்பா.